மைக்ரேன் தடுப்புக் குளிசையின் பக்கவிளைவுகள்: கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மைக்ரேன் தலையிடி வருவதைக் குறைக்கத் தினமும் போடும் தடுப்பு மருந்தைத் தொடங்குகிறவர்களில் கனபேர் அதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சனல் பண்ணி, அதாவது தனியார் வைத்தியரிடம் நேரம் பதிந்து போய், வைத்தியர் எழுதிக் கொடுத்ததை மூன்று கிழமை போட்டுப் பார்த்து, பகல் முழுக்கத் தூக்கம் தூக்கமாக வருகிறது, கை விறைக்கிறது, வாய் காய்கிறது என்று ஒருவருக்கும் சொல்லாமல் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்கள். பிறகு தலையிடி தாங்காமல் வேறொரு வைத்தியரிடம் போய், "அந்த மருந்து எனக்கு ஒத்துவரல்ல டொக்டர்" என்பார்கள். ஒத்துவராதது உண்மையாக இருக்கலாம், ஆனால் மூன்று கிழமையில் அந்த மருந்து வேலைசெய்யும் அளவையே எட்டியிருக்காது. இதற்கு நேரெதிரான இன்னொரு கூட்டமும் உண்டு. நிறை ஏறி, முடி கொட்டி, மனம் சோர்ந்துபோயும், டொக்டர் தந்தது என்று வருடக்கணக்காக வாய் திறக்காமல் விழுங்குகிறவர்கள்.

விடுவதற்கும் பொறுப்பதற்கும் நடுவில் நாலு வழி இருக்கிறது. குளிசை போடும் நேரத்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், அளவை ஏற்றும் வேகத்தைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். முதலாவதைப் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுச் செய்துவிடலாம், மற்ற மூன்றும் வைத்தியரின் கையில். ஆனால் அவர் சரியாகத் தீர்மானிக்க உங்களிடமிருந்து சரியான தகவல் போக வேண்டும், அதைத் தயார்படுத்துவதுதான் இந்த வழிகாட்டியின் பாதி வேலை. நான் வைத்தியர் இல்லை, இந்தக் குளிசைகளோடு பல காலம் குடும்பம் நடத்துகிற ஆள். கீழே வரும் அளவுகள் வழக்கில் உள்ளவை. உங்கள் வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டில் வேறு அளவு இருந்தால் துண்டில் இருப்பதுதான் உங்களுக்கு.

படி 1: முதலில் ஆபத்து அறிகுறிகள்

மிச்சத்தை வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் வாசியுங்கள். கீழே சொல்பவை பொறுத்துப் பார்க்கிற விஷயங்கள் அல்ல, அன்றைக்கே காட்ட வேண்டியவை.

டொபிரமேட் தொடங்கி முதல் மாதத்துக்குள் திடீரென்று பார்வை மங்கினால், கண் சிவந்து வலித்தால், அது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதாக இருக்கலாம். கண்ணாடி மாற்ற வேண்டும்போல என்று கடைக்குப் போகாமல் நேரே தேசிய கண் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கோ போய், முதல் வசனமாக "நான் டொபிரமேட் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். விலாப்பக்கம் பிடுங்கியெடுக்கும் வலியும் சிறுநீரில் இரத்தமும் வந்தால் சிறுநீரகக் கல்லைச் சந்தேகிக்க வேண்டும்.

ப்ரொப்ரனோலோல் போடுகிறவருக்கு மூச்சு இழுத்தால், மயக்கம் வந்தால், ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இறங்கித் தலையும் சுற்றினால் தாமதிக்க வேண்டாம். அமிட்ரிப்டிலின் போடுகிறவருக்கு நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொண்டாலோ அதே அவசரம். வல்ப்ரோயேட் என்றால், நிற்காத சத்தியும் மேல்வயிற்று வலியும், கண் மஞ்சளாவதும். எந்தக் குளிசையானாலும் உடம்பெல்லாம் தடித்து உதடு, வாய்க்குள் புண் வந்தால் அதுவும் இந்தப் பட்டியலில் சேரும்.

அப்புறம் மனம். டொபிரமேட், ஃப்ளுனரிசின் இரண்டும் சிலருக்கு ஆழமான மனச்சோர்வைக் கொண்டுவரும், ப்ரொப்ரனோலோலிலும் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலே, அதைக் குளிசையின் வேலையாக எண்ணி வீட்டில் ஒருவருக்கும் வைத்தியருக்கும் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவை இருக்கிறது. அம்புலன்ஸ் தேவையென்றால் 1990 சுவசெரிய, காசு இல்லை.

வழக்கமான தலையிடிபோல் இல்லாமல், இடி விழுந்ததுபோல் ஒரு நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, ஒரு பக்கம் கைகால் இயங்காமை, வாய் கோணுதல், கழுத்து விறைப்போடு காய்ச்சல். இவற்றுக்கும் பக்கவிளைவுக்கும் சம்பந்தமில்லை, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

படி 2: கையில் இருப்பது என்ன குளிசை என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிரிக்க வேண்டாம், இது தெரியாதவர்கள் ஏராளம். எங்கள் பாமசிகளில் அட்டையை வெட்டிக் கடித உறைக்குள் போட்டு, மேலே பேனையால் கிறுக்கித் தருகிறார்கள். பெயர் இருக்கும் பக்கம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். "நொக்டே" என்றால் இரவில், "மேனே" என்றால் காலையில், "பி.டி." என்றால் இரண்டு வேளை. வீட்டுக்கு வந்ததும் உறை, அட்டை, துண்டு மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் வேறு கம்பனிக் குளிசை வேறு நிறத்தில் வரும்போது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றுதானா என்று பார்க்க அது உதவும். நிறம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் பயப்படத் தேவையில்லை.

இங்கே பெரும்பாலும் எழுதப்படுபவை ப்ரொப்ரனோலோல், அமிட்ரிப்டிலின், டொபிரமேட், ஃப்ளுனரிசின், வல்ப்ரோயேட். சிலருக்குக் கண்டசார்டன். இவற்றில் ஒன்றுகூட முதலில் மைக்ரேனுக்கென்று வந்தது இல்லை. ப்ரொப்ரனோலோல் இதயத்துக்கும் பிரஷருக்கும், டொபிரமேட்டும் வல்ப்ரோயேட்டும் வலிப்புக்கு, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு. அதனால் இணையத்தில் தேடிவிட்டு "எனக்கு வலிப்பா, மனநோயா" என்று வீட்டில் குழப்பம் கிளப்ப வேண்டாம். மைக்ரேனுக்குப் பெரும்பாலும் அந்த நோய்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவுதான் போகிறது.

ஒன்று கட்டாயம்: பெயரில் எல்.ஏ., எஸ்.ஆர்., சி.ஆர். என்று வந்தால் அது மெல்ல மெல்லக் கரையும் வகை. அதை வெட்டவோ கடிக்கவோ கூடாது.

படி 3: கலண்டரில் குறியுங்கள்

பெரிய செயலியெல்லாம் வேண்டாம். சுவரில் தொங்கும் மாதக் கலண்டர் போதும். தலையிடி வந்த நாளுக்கு வட்டம், வலிக்குளிசை போட்ட நாளுக்குக் குறுக்குக் கோடு, பக்கவிளைவு தொல்லை கொடுத்த நாளுக்கு ஒரு சொல்: "தூக்கம்", "விறைப்பு", "மறதி". மருந்து தொடங்குவதற்கு முந்தைய மாதமும் குறித்திருந்தால் பொன்னான விஷயம், இல்லாவிட்டால் இன்றே தொடங்குங்கள்.

குறுக்குக் கோட்டைத்தான் நான் முதலில் எண்ணுவேன். பனடோல், இபுப்ரொஃபென் மாதிரியானவை மாதத்தில் 15 நாளுக்கு மேல், அல்லது ட்ரிப்டான், எர்கொட், கோடீன் கலந்த வலிக்குளிசைகள் 10 நாளுக்கு மேல், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால், வலிக்குளிசையே தலையிடியைக் கொண்டுவரத் தொடங்கும். அந்த நிலையில் தடுப்பு மருந்து வேலைசெய்வது குறைவாகத் தெரியும், பக்கவிளைவு மட்டும் பெரிதாகத் தெரியும், குற்றம் தடுப்பு மருந்தின் தலையில் விழும். எங்கள் வீடுகளில் பனடோல் அட்டை பிளேன்டீ சீனிப் போத்தலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அது மருந்துக் கணக்கிலேயே சேர்வதில்லை. சேர்த்து எண்ணுங்கள்.

பலனை எப்போது பார்ப்பது? வைத்தியர் சொன்ன முழு அளவுக்கு வந்தபிறகு 8 முதல் 12 கிழமை. தலையிடி நாட்கள் பாதியாகக் குறைந்தால் மருந்து வேலைசெய்கிறது என்று எடுப்பார்கள். முற்றாக நிற்கும் என்று எதிர்பார்த்தவர்தான் பக்கவிளைவைத் தாங்கமாட்டார், ஏனென்றால் அவருக்கு லாபம் ஒன்றுமே கண்ணில் படாது.

படி 4: உங்கள் குளிசைக்கு உரிய தொல்லையைப் பாருங்கள்

டொபிரமேட்

அதிகம் விசித்திரம் காட்டுவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். விரல் நுனி, பாதம், உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் விறுவிறுக்கும். 100 மில்லிகிராம் போட்ட நோயாளிகளில் பாதிப் பேருக்கு இது வந்ததாக மைக்ரேன் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது, ஆகவே வந்தால் நீங்கள் விதிவிலக்கு இல்லை. காலையில் பாத்திரம் கழுவும்போது தண்ணீர் பட்டதும் விரலெல்லாம் மினுமினுக்கும், பத்து நிமிடத்தில் அடங்கும், பயம் தரும், ஆனால் நரம்பு செத்துப்போவது அல்ல. அடுத்தது சோடா. ஜிஞ்சர் பியரை உடைத்து வாயில் வைத்தால் காஸ் போன பழைய தண்ணீர்போல், லேசாக இரும்பு நக்கியதுபோல் இருக்கும். போத்தல் பழசு என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: உடம்பில் கார்பனிக் அன்ஹைட்ரேஸ் என்றொரு நொதியை இந்த மருந்து மட்டுப்படுத்துகிறது. நாக்கு காஸின் கூர்மையை உணர்வது அந்த நொதியால்தான். அதே நொதி சிறுநீரகத்திலும் இருப்பதால் சிறுநீரின் தன்மை மாறிக் கல் உண்டாகும் வாய்ப்பும் கொஞ்சம் ஏறுகிறது.

எனவே தண்ணீர்தான் முதல் வைத்தியம். தாகம் வரும்வரை பார்த்திராமல், சிறுநீர் வெளிறிய நிறத்தில் போகும் அளவுக்குக் குடியுங்கள். விறுவிறுப்புக்குப் பொட்டாசியம் உள்ள உணவு சிலருக்கு உதவுகிறது. வாழைப்பழம், காலி வீதியில் குலை குலையாகத் தொங்கும் செவ்விளநீர், இரண்டும் நல்லதுதான், நாளுக்கு ஒன்று. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் கண்டசார்டன், லொசார்டன் மாதிரிப் பிரஷர் குளிசை போடுகிறவர்களும் இதைத் தாங்களாகச் செய்யக்கூடாது, அவர்களுக்குப் பொட்டாசியம் கூடினால் இதயத்துக்கு ஆபத்து. காய்ச்சல் தடிமனுக்கு என்று அதிக அளவு விற்றமின் சி குளிசையைத் தினமும் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அதுவும் கல்லுக்கு வழி.

சொல் மறதி வேறு ரகம். எனக்குத் தெரிந்த ஒரு கணித ஆசிரியை, கையில் வெண்கட்டியோடு கரும்பலகைக்கு முன்னால் நின்று "செங்கோணம்" என்ற சொல்லைத் தேடினாராம். படம் கீறிவிட்டார், பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள், ஆனால் அன்று முழுக்க அவருக்கு நெஞ்சு படபடப்பு. இது மூளை தேய்வது இல்லை. மருந்தின் அளவு ஏறினால் ஏறும், அளவு இறங்கினால் இறங்கும். மருந்தை நிறுத்தினால் திரும்பிவிடும். அவருக்கு வைத்தியர் பகல் அளவைக் குறைத்து இரவுக்குப் பெரும்பகுதியைத் தள்ளினார், அதோடு சமாளிக்கக்கூடியதாக வந்தது. வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி, கிழமைக்கு 25 ஆக ஏற்றி, 50 வீதம் இரண்டு வேளைக்குக் கொண்டுபோவார்கள். உங்களுக்கு இந்த வேகம் கடினம் என்றால், இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஏற்றலாமா என்று கேளுங்கள். தாராளமாகக் கேட்கலாம். கேட்பவர் குறைவு, அவ்வளவுதான்.

பசி குறைந்து நிறை இறங்கும். சிலர் இதற்காகவே இந்த மருந்தை விரும்புகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. சாப்பாட்டைத் தவறவிடுவதே மைக்ரேனைக் கூப்பிடுகிற காரியம். இன்னொன்று, வியர்வை குறையலாம். சித்திரை வெயிலில் புறக்கோட்டையில் சாமான் வாங்கப் போய், வியர்க்காமல் உடம்பு கொதித்துத் தலை கிறுகிறுத்தால் நிழலுக்குள் போய் முகம், கழுத்தை நனையுங்கள். சிறுபிள்ளைகளுக்கு இது கூடுதலாக வரும்.

அமிட்ரிப்டிலின்

10 மில்லிகிராமில் தொடங்கும் இந்தச் சின்னக் குளிசையின் முழுச் சண்டையும் காலைத் தூக்கத்தோடுதான். இரவு பதினொரு மணிக்குப் போட்டுவிட்டு ஐந்தரைக்கு எழும்பிப் பிள்ளைக்குச் சாப்பாடு கட்ட முடியவில்லை என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. எட்டு மணிக்குப் போடுங்கள். நேரம் மாறினாலே பாதிப் பிரச்சினை முடியும், மீதி ஓரிரு கிழமையில் உடம்பு பழகும். அதற்குள் மோட்டார் சைக்கிள், ஓட்டோ ஓட்டுகிறவர்கள் காலையில் தலை தெளிந்ததா என்று பார்த்தே இறங்குங்கள். குடி கூடவே கூடாது.

வாய் காய்வதற்கு அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், சீனியில்லாத சுவிங்கம். டொஃபி சூப்பினால் பல் போய்விடும், எச்சில் குறைந்த வாயில் சீனி இரட்டிப்பாக வேலை செய்யும். மலச்சிக்கலுக்குப் பப்பாசி, கீரை, சிவப்பரிசிச் சோறு, போதாவிட்டால் இசப்கோலும் நிறையத் தண்ணீரும். பசி கூடும், அதுவும் இரவு பத்து மணிக்குக் கொத்துரொட்டிச் சத்தம் கேட்டால் காலே அந்தப் பக்கம் போகும். நிறையை மாதத்துக்கு ஒருமுறை குறியுங்கள், இரண்டு மூன்று கிலோ ஏறியதுமே வைத்தியருக்குச் சொல்லுங்கள், பத்துக் கிலோ ஏறும்வரை காத்திருந்து அழ வேண்டாம். வயதானவர்கள் இரவில் எழும்பும்போது கட்டிலில் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்ப வேண்டும், விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். கண்ணில் நீர் அழுத்தம், புரஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ப்ரொப்ரனோலோல்

முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவருக்கு இது கூடாது. சிறு வயதில் இருந்து மாறிப்போன முட்டு என்றாலும் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு வரும் தொல்லை களைப்பு, கைகால் குளிர்தல், மாடிப்படி ஏறும்போது கால் கனத்தல். நடைப்பயிற்சி செய்கிறவர்கள் கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பு ஏறவில்லை என்று வேகத்தைக் கூட்டக்கூடாது, இந்த மருந்து அதை ஏறவிடாது. நடந்துகொண்டே கதைக்க முடிகிறதா என்பதை அளவாக வையுங்கள்.

கெட்ட கனவு வருவது இதற்கே உரிய குணம். இரவுக் குளிசையைப் பின்னேரத்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். போகாவிட்டால், மூளைக்குள் குறைவாகப் போகும் அட்டெனோலோல் மாதிரி ஒன்றுக்கு வைத்தியர் மாற்றிப் பார்ப்பார். ஆண்மைக் குறைவு சிலருக்கு வரும். இதைச் சொல்ல வெட்கப்பட்டு மருந்தை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், வைத்தியருக்கு இது தினசரிக் கதை. சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுக்கிறவர்கள் கவனம்: சீனி இறங்கும்போது வரும் நடுக்கம், படபடப்பு இரண்டையும் இந்த மருந்து மறைத்துவிடும், வியர்வை ஒன்றுதான் மிஞ்சும் அடையாளம். திடீரென்று வியர்த்தால் சீனியைப் பாருங்கள்.

மற்றவை

ஃப்ளுனரிசின் இரவில் போடுவது, தூக்கமும் நிறையும் தரும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மனச்சோர்வும், வயதானவர்களில் கை நடுக்கம், நடை மெதுவாதல், முகபாவம் குறைதலும். பார்கின்சன் வருத்தம் உள்ளவருக்குக் கூடாது. பொதுவாக ஆறு மாதம் போட்டு இடைவெளி விடுவார்கள். துண்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து வருடக்கணக்கில் போய்க்கொண்டிருந்தால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வல்ப்ரோயேட்டில் முடி கொட்டுதல், கை நடுக்கம், நிறை ஏறுதல். ஈரல் சோதனை இரத்தத்தில் பார்ப்பார்கள். கண்டசார்டன் பெரும்பாலும் தொல்லை குறைந்தது, எழும்பும்போது தலைச்சுற்று வந்தால் பிரஷரை அளந்து எழுதி வையுங்கள்.

படி 5: பிள்ளை பெறும் வயதுப் பெண்கள்

வல்ப்ரோயேட்டும் டொபிரமேட்டும் வயிற்றில் வளரும் பிள்ளைக்குக் கேடு செய்யக்கூடியவை. மைக்ரேனுக்காக வல்ப்ரோயேட்டைக் கர்ப்பிணிக்குக் கொடுப்பதே இல்லை. டொபிரமேட்டுக்கு 2024இல் பிரித்தானியாவில் தனிக் கர்ப்பத் தடுப்புத் திட்டமே கொண்டுவந்தார்கள். கூடிய அளவில் டொபிரமேட் போட்டால் கருத்தடைக் குளிசையின் பலனும் குறையும். கண்டசார்டனும் கர்ப்பத்தில் கூடாது.

எங்கள் வீடுகளில் கலியாணம் பேசும்போது பெண் குளிசை போடுவதை மறைக்கிறார்கள், கலியாணத்துக்குப் பிறகு அந்தப் பெண் தலையணைக்குள் ஒளித்துவைத்துப் போடுகிறாள், கடைசியில் கர்ப்பமான செய்தி மருந்து எழுதிய வைத்தியருக்குத்தான் கடைசியாகப் போகிறது. நாள் குறித்தவுடனேயே வைத்தியரைப் பாருங்கள், மாற்றுவதற்குச் சில மாதம் தேவை. போடும்போதே நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே அழையுங்கள். வலிப்புக்கும் சேர்த்துப் போடுகிறவர் தானாக நிறுத்தவே கூடாது.

படி 6: கூடவே விழுங்கும் மற்றக் குளிசைகள்

தும்மல் வந்தால் பிரிட்டோன், தூக்கம் வராவிட்டாலும் பிரிட்டோன் என்பது இங்கே வழக்கம். அமிட்ரிப்டிலினோடு சேர்ந்தால் தூக்கமும் வாய் காய்தலும் இரட்டிப்பாகும். ட்ரமடோல் என்ற வலிக்குளிசையையும் அதோடு தன்னிச்சையாகச் சேர்க்கக்கூடாது. ஓங்காளத்துக்குப் போடும் மெட்டோக்ளோப்ரமைட், ஸ்டெமெட்டில் இரண்டும் ஃப்ளுனரிசினோடு சேர்ந்தால் உடம்பு விறைக்கும், நடுக்கம் வரும் வாய்ப்பு கூடும். ப்ரொப்ரனோலோல், மைக்ரேன் வந்தபின் போடும் ரைசாட்ரிப்டானின் அளவை இரத்தத்தில் ஏற்றும், அதனால் ரைசாட்ரிப்டானைப் பாதி அளவில்தான் தருவார்கள். கண்டசார்டனோடு டைக்ளோஃபெனாக் வலிக்குளிசை அடிக்கடி போட்டால் சிறுநீரகம் பாடுபடும். பாமசியில் எதை வாங்கினாலும் தடுப்பு மருந்தின் படத்தைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

இனி டெங்கு. கொழும்பில் காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை டெங்கு என்றே நடக்க வேண்டும். மைக்ரேன்காரர்கள் பையில் இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அசிட் வைத்திருப்போம். காய்ச்சலோடு வரும் தலையிடிக்கு அவற்றைத் தொடவே கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும், பரசிட்டமோல் (பனடோல்) மட்டுமே. ப்ரொப்ரனோலோல் போடுகிறவர்கள் வார்டில் சேர்ந்ததும் அதைச் சொல்லியே ஆக வேண்டும்: டெங்குவில் உடம்பு நீரிழந்து அதிர்ச்சி நிலைக்குப் போகும்போது நாடி ஏறுவதை வைத்துத்தான் வைத்தியர்கள் எச்சரிக்கையாவார்கள், உங்கள் நாடியோ ஏறாமல் சாதுவாக இருக்கும். கண்டசார்டன் போடுகிறவர் வயிற்றோட்டம், சத்தி வந்தால் அன்றைய குளிசையைப் போடுவதா என்று வைத்தியரைக் கேட்ட பிறகு போடுங்கள்.

படி 7: விரதம்

கந்தசஷ்டி, நோன்பு, வெள்ளிக்கிழமை விரதம் எதுவானாலும் இரண்டு சிக்கல்: பட்டினி மைக்ரேனைத் தூண்டும், தண்ணீர் குடிக்காவிட்டால் டொபிரமேட்காரருக்குக் கல்லும் தலைச்சுற்றும். தண்ணீரும் பாலும் பழமும் எடுக்கும் விரதமே நல்லது. நோன்பு பிடிக்கிறவர்கள் இரண்டு வேளைக் குளிசையை சஹருக்கும் இஃப்தாருக்கும் பிரிக்க முடியுமா, ஒரு வேளை வகைக்கு மாற்ற முடியுமா என்று ரமழானுக்கு ஒரு மாதம் முன்னரே கேளுங்கள். விரதத்துக்காகக் குளிசையை ஒரேயடியாக விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

படி 8: வைத்தியரிடம் சொல்வது

சனலிங்கில் நம்பர் கூப்பிட இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு உள்ளே போனால், கிடைப்பது சில நிமிடம். தேசிய வைத்தியசாலை கிளினிக்கில் வெளியே வரிசை நிற்பதைப் பார்த்தால் நமக்கே பேச்சு குறைந்துவிடும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்ல வேண்டி வந்தால் இன்னும் சுருங்கும். ஆகவே எழுதிக்கொண்டு போங்கள், கிளினிக் கொப்பிக்குள் வைக்கிற அளவுக்கு ஒரு சின்னத் துண்டு:

"டொபிரமேட் 50, இரண்டு வேளை, மூன்று மாதம். முன்பு மாதம் 12 நாள் தலையிடி, இப்போது 6. பனடோல் மாதம் 7 நாள். கை விறுவிறுப்பு தினமும், தாங்கலாம். சொல் மறதி வேலையில் இடைஞ்சல், இதைக் குறைக்க வேண்டும்."

கடைசி வரிதான் உயிர். "பக்கவிளைவு இருக்கு டொக்டர்" என்று பொதுவாகச் சொன்னால், "பழகிடும்" என்று பதில் வரும், அவரையும் பிழை சொல்ல முடியாது. எதைத் தாங்குவீர்கள், எதைத் தாங்கமாட்டீர்கள் என்று பிரித்துச் சொன்னால் அளவா, நேரமா, மருந்தா என்று அவர் அந்த இடத்திலேயே முடிவெடுப்பார். உங்கள் அக்காவுக்கு எது ஒத்துவந்தது என்பதையும் சொல்லலாம், ஆனால் அக்காவின் குளிசையை வாங்கிப் போட வேண்டாம்.

இரண்டு மூன்று மருந்து மாற்றியும் சரிவரவில்லை என்றால் நரம்பியல் வைத்தியரிடம் ஊசி மருந்துகளைப் பற்றிக் கேளுங்கள். நாட்பட்ட மைக்ரேனுக்குப் பொடொக்ஸ் ஊசி 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மைக்ரேனுக்கென்றே உருவாக்கப்பட்ட எரெனுமாப் 2018இல் வந்தது, அதற்கும் மலச்சிக்கல், பிரஷர் ஏறுதல் என்று தன் பங்கு உண்டு. மைக்ரேன் லேசாக உள்ளவர்களுக்கு ரைபோஃபிளேவின் என்ற விற்றமின் 400 மில்லிகிராமோ மக்னீசியமோ எழுதுவார்கள். ரைபோஃபிளேவினில் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகும், அது விற்றமினின் நிறம்தான், ஈரலுக்கு ஒன்றும் இல்லை. மக்னீசியம் வயிற்றோட்டம் தந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

படி 9: தீர்ந்துபோகாமல் பார்ப்பதும், நிறுத்துவதும்

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அரச பாமசியான ஒசுசலவில் இருந்து தனியார் பாமசி வரை அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எப்போதும் இரண்டு கிழமைக்குரிய குளிசை கையிருப்பில் இருக்கட்டும், ஊருக்குப் போகும்போது பாதியைக் கைப்பையில் வையுங்கள். ப்ரொப்ரனோலோலைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் படபடவென்று அடித்து, இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலிவரை போகும். அமிட்ரிப்டிலினைத் திடீரென்று விட்டால் தூக்கமின்மையும் ஓங்காளமும். டொபிரமேட், வல்ப்ரோயேட் இரண்டையும் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம், வழக்கமான ஒன்றை மட்டும் போடுங்கள்.

வாழ்நாள் முழுக்கவா என்று எல்லோரும் கேட்பார்கள். பெரும்பாலும் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு மாதம் தலையிடி கட்டுக்குள் இருந்தால், குறைத்துப் பார்க்கலாமா என்று நீங்களே கேட்கலாம். பரீட்சைக் காலம், வீடு மாறுதல், கலியாணவீடு இல்லாத ஒரு அமைதியான மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள், வைத்தியர் தரும் இறக்க அட்டவணையைக் கலண்டரிலேயே எழுதிவிடுங்கள். நிறுத்திய பிறகும் மூன்று மாதமாவது வட்டம் போடுவதை விடவேண்டாம். மாதத்தில் நாலு நாளுக்கு மேல் வட்டம் விழத் தொடங்கினால் பழைய துண்டையும் கலண்டரையும் எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள். எந்த அளவில் எது தாங்க முடிந்தது என்பது அதில் இருப்பதால், இரண்டாவது தடவை அந்த அளவிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.